முப்பத்தோரு பேரின் நீச்சல்

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியை செசிலியா, சென்னையிலிருந்து கருவியோடு வந்திருந்த திட்ட ஊழியர் பிரணவ், பொதுப்பணித் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற சிவஞானவேலு, அவருடைய மகள் வயிற்றுப் பேத்தியான ஆறாம் வகுப்பு உமையாள், அவளோடு படிக்கும் பெனாசிர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டதாகப் பிற்பாடு சிலர் சொன்னார்கள். வெள்ளத்துக்குப் பயந்து தரைத்தளத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டுக் கட்டிய பள்ளி அது. தலைமையாசிரியை அறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே காக்கைதான் நிற்க முடியும்.

அந்த ஆண்டு மேலப்படுகைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்தார்கள். அரசாங்கத் தாளில் அதற்கு மாணவர்வழித் திறன் பகிர்வு என்று பெயர். பிள்ளைகள் வாயில் அது ‘ஊத்துறது’. கொடுப்பவர் நெற்றியில் ஒரு பட்டை, வாங்குபவர் நெற்றியில் ஒரு பட்டை. கொடுப்பவர் தமக்குத் தெரிந்ததை நாற்பது நிமிடம் மனத்துக்குள் செய்துகொண்டே இருக்க வேண்டும். வாங்குபவர் சும்மா சாய்ந்திருந்தால் போதும். இதில் பெரியவர்களுக்கு வேலை இல்லை. இரண்டு மூளைகளும் ஏறக்குறைய ஒரே வயதாக இருந்தால்தான் ஏறும். இல்லாவிட்டால் தலைவலி மட்டும் மிஞ்சும்.

ஜெபமலர் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை வகுப்புக்கே ஊற்றினாள். பெனாசிர் படகுக்காரரான தன் வாப்பாவிடம் பழகிய பதினோரு கயிற்று முடிச்சுகளை ஊற்றினாள். கவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட ஊற்றினான். கூடவே இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பதையும் சேர்த்து ஊற்றிவிட்டான். செசிலியா டீச்சர் ஒரு மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தார்.

உமையாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் தாயை இழந்து, அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்த பிள்ளை. சத்தமில்லாமல் வருவாள், சத்தமில்லாமல் போவாள். வகுப்பில் அவளுக்கு ‘ஓசி உமா’ என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் ஒருநாள் கடைத்தெருவில் சிவஞானவேலுவின் காதிலும் விழுந்தது. அவர் அன்று வாங்கப் போன சாமானை வாங்காமலே வீடு திரும்பினார்.

அதனால், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

"சார், போன ஐப்பசியில பக்கத்து ஊர்ல ரெண்டு பிள்ளைகள ஆறு கொண்டுட்டுப் போயிட்டு. ஒங்களுக்குத் தெரியும்," என்றார் செசிலியா. "இந்த வகுப்புல முப்பத்திரெண்டு பேர். குளிக்கத் தெரியும், முங்கத் தெரியும். வெள்ளத்துல மூச்சுப் பிடிச்சிக் கெடக்கத் தெரிஞ்சது ஒரே ஒரு ஆளுதான்."

"யாரு?"

"ஒங்க பேத்திதான் சார்."

பெரியவர் உமையாளைப் பார்த்தார். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டவருக்கு உரிய வியப்பு அவர் முகத்தில் இல்லை. "ஒருத்திதானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

பிரணவ் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினான். "ஆறு பக்கம் சார். நிதானமா வாசிங்க. முக்கியமா அந்த நாலாவது பக்கம்..."

"தம்பி, கேட்டு வந்தது யாரு?"

"நாங்கதான் சார்."

"கேட்டாச்சுல்லா. குடுக்கதுன்னு முடிவாயிட்டா, பிறகு நிபந்தனை வாசிச்சிட்டுக் குடுக்கது எங்க வீட்டுல வழக்கம் இல்ல. எங்க போடணும்?"

ஆறு பக்கத்திலும் போட்டார். கடைசி எழுத்து வரை படிக்கும்படியான கையெழுத்து.

"தாத்தா, ஒங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் பெனாசிர்.

"கூனிக்கிட்டு உக்காராத, பிள்ள," என்றார் அவர்.

உமையாளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஒருமுறையாவது கொடுப்பவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு இருந்த ஆசை.

அவளுடைய அம்மா வடிவு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வாரத்தில் ஆறு நாள் பிள்ளை எழுமுன் கிளம்பி, பிள்ளை தூங்கிய பின் வருவாள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு தகப்பன் வீட்டை விட்டுப் போனவள்; அந்தக் கணவனும் உமையாளின் மூன்றாவது வயதில் சாலை விபத்தில் போய்விட்டான். ஆதரவு கேட்டு அவள் எந்த வாசலுக்கும் போகவில்லை. அந்த விஷயத்தில் அவளும் சிவஞானவேலுவின் மகள்தான். ஆகவே உமையாளுக்கு அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு.

முதல் நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியதும் ஞாயிறு வந்துவிட்டது. கல்படி வழுக்கியது. தண்ணீர் தொப்புள் வரை ஏறியதும் மூச்சு நின்றது. அம்மாவின் இரண்டு கைகளும் அடியில் வந்து தாங்கின. அம்மா ஏதோ சொன்னாள், மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள், ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும். உமையாள் மிதந்தாள். நாற்பது நிமிடம் கழித்துக் கண் திறந்தபோது எதிர் நாற்காலியில் பெனாசிர் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"தெரியல. சந்தோஷமா இருக்கு," என்றாள் பெனாசிர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஆறு வாரம், முப்பத்தோரு பேர். உமையாளைச் சுற்றி இவ்வளவு பேர் முன்பு எப்போதும் இருந்ததில்லை. "எனக்கு எப்ப ஊத்துவ?" என்று மிட்டாய் கொண்டு வந்தார்கள். ஓசி என்ற பேச்சு நின்றது. முப்பத்தொன்றாவது ஆள் எழுந்து போன மறுநாள், மிட்டாயும் நின்றது. அது அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை. கொடுத்து முடித்தவர்களிடம் யார் வருவார்கள்?

ஐப்பசி மூன்றாம் வாரம் ஆறு சொல்லாமல் ஏறியது. மாலை நான்கரை மணிக்குப் பள்ளி வேன் தரைப்பாலத்தில் பாதி வழியில் சாய்ந்தது. உள்ளே பெனாசிர், ஜெபமலர், கவின் உட்பட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர்; உமையாள் அதில் இல்லை. ஓட்டுநர் பின்கதவை உதைத்துத் திறந்தார். வெளியே வந்த பிள்ளைகளைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. ஒரு மைல் தாண்டிப் பெனாசிரின் வாப்பாவும் மற்ற படகுக்காரர்களும் அவர்களைக் கண்டபோது, பதினான்கு பேரும் மல்லாந்து, முதுகை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்து வந்தார்கள். ஒருவர்கூட அலறவில்லை. எண்ணி எடுத்தார்கள். பதினான்கும் சரியாக இருந்தது.

இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அந்தக் கையெழுத்து பதினான்கு வீடுகளில் விளக்கை அணையாமல் காத்தது. தாய்மார்கள் சிவஞானவேலுவின் வீட்டுக்குத் தேங்காய் பழத்தட்டோடு வந்தார்கள். அவர் தட்டை வாங்கவில்லை. "பிள்ளைகள் பிழைச்சாங்கல்லா, அது போதும்" என்று வாசலிலேயே நின்று சொல்லி அனுப்பினார்.

பள்ளி திறந்த அன்று வகுப்பில் வேறு பேச்சே இல்லை.

"வேன் கவுந்ததும் எனக்குக் காது அடைச்சிட்டு. அதுக்குள்ள ஒரு பொம்பளை சத்தம், பயப்படாத பயப்படாதன்னு," என்றாள் ஜெபமலர்.

"ஏ, எனக்கும்! அடியில கை குடுத்துத் தூக்குனாங்க. ஐஸ் மாதிரி கை," என்றான் கவின்.

"கண்ணாடி வளையல் ரெண்டு போட்டிருப்பாங்க. ஒண்ணு விரிசல்."

"சிரிச்சா மூக்கு சுருங்கும்."

"தண்ணி குடிச்சிட்டா முதுகுல தட்டி, ஆத்த மிச்சம் வையிடின்னு சொல்லுவாங்க."

முப்பத்தோரு பேரும் சிரித்தார்கள். பிறகு, அதற்கு உரியவளிடம் ஒப்புதல் வாங்குவது போல எல்லோரும் உமையாள் பக்கம் திரும்பினார்கள். "அப்படித்தானட்டி?"

"ஆமா," என்றாள் உமையாள்.

அது பொய். அவளுக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. இடைவேளையில் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தேடினாள். கல்படி இருந்தது. தண்ணீர் இருந்தது. கை காலை எப்படி வீச வேண்டும் என்பது முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. அம்மா இல்லை. படியில் இல்லை, தண்ணீரில் இல்லை. யாருமில்லாத ஆற்றில் அவள் தானாகவே நீந்தப் பிறந்தவள் போல நீந்திக்கொண்டிருந்தாள். மேலும் தேடினாள். டிபன் பெட்டியை மறந்ததற்கு ஒரு திட்டு. தலை வாரும்போது ஒரு இழுப்பு. அதற்கடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய், பேச முடியாத வாய். அவ்வளவுதான் மிச்சம்.

அடுத்த வாரம் கருவியைச் சரிபார்க்க வந்த பிரணவை அவள் படிக்கட்டில் மறித்தாள்.

"அண்ணா, எங்கம்மா எங்க போனாங்க?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்து, படியிலேயே உட்கார்ந்தான். "கீரையைப் பிடுங்கினா வேரோட கொஞ்சம் மண்ணும் வரும்ல? அது மாதிரிம்மா. ஒரு விஷயத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறப்போ, அதை நீ கத்துக்கிட்ட இடம், கத்துக்கொடுத்த ஆள், அதுவும் துளி ஒட்டிக்கிட்டுப் போகும். வாய்ப்பாட்டுல போனா யாருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கு, மூணு பேருக்குக் குடுத்தாலும் தெரியாது. நீ முப்பத்தோரு பேருக்குக் குடுத்திருக்க."

"அவங்ககிட்ட இருக்குல்லா? திருப்பி ஊத்தச் சொல்லுங்க."

"ஏறாதும்மா. உனக்கு நீச்சல் தெரியுமே. தெரிஞ்சவங்களுக்கு அது ஏறாது. நிறைஞ்ச குடம்."

"நீச்சல மறந்துட்டா?"

"நீச்சல் மறக்காது," என்றான் அவன். தன் காலைப் பார்த்துக்கொண்டே, "நாலாவது பக்கத்துல இருந்துச்சு," என்றான்.

பிறகு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பான். "அவங்க வாயால சொன்னா நீ கேட்டுக்கலாம். அதுக்குக் கருவி வேண்டாம்."

அன்று இரவுச் சாப்பாட்டில் உமையாள் இதைத் தாத்தாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் வடிவு என்ற பேர் சொல்லப்பட்டது இரண்டரை வருடத்தில் அதுதான் முதல் தடவை. சிவஞானவேலு தட்டிலிருந்த சோறு முழுவதையும் பிசைந்தபடியே கேட்டார், ஒரு வாய்கூட உண்ணவில்லை.

"நாலாம் பக்கத்த நான் வாசிக்கல," என்றார். "தப்பு என்னோடது."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில், "அப்போ, நான் அவங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டுக்கிடட்டா தாத்தா?" என்றாள்.

"குடுத்தத திருப்பிக் கேக்கதா?"

"திருப்பி இல்ல. எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு சொல்லச் சொல்லி..."

"முப்பத்தோரு வாசல்ல போய், எங்கம்மா எப்படி இருந்தான்னு சொல்லுங்கன்னு நிக்கப் போறியா? இந்த வீட்டுப் பிள்ளையா?" அவர் குரல் உயரவில்லை. உயராத குரல்தான் அந்த வீட்டில் கடைசிக் குரல். "வேண்டாம். தப்பு என்னோடது, அத நான் சுமந்துக்கிடுதேன். நீ யார்கிட்டயும் கையேந்தாத."

அதன் பிறகு வந்த நாட்களில் உமையாள் வகுப்பில் ஒரு வேலை செய்தாள். யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் யார் பேசினாலும் பக்கத்தில் போய் நின்றாள். விளையாட்டு மைதானத்தில் ஒருத்தி தடுக்கி விழுந்தால், இன்னொருத்தி முதுகில் தட்டி, "ஆத்த மிச்சம் வையிடி" என்பாள். வகுப்பே சிரிக்கும். உமையாளும் ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பாள். தன் வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளி வரிசையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. முப்பத்தோரு பேருக்கு ஓர் அம்மா இருந்தாள். முப்பத்திரண்டாவது ஆளுக்கு ஒரு புகைப்படம் இருந்தது.

பெனாசிர்தான் அந்தத் தாமதத்தைக் கவனித்தாள். முதலில் வாங்கியவள் அவள். அவளுக்குத்தான் மண் அதிகம் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணுமே இல்லயோ?" என்று ஒருநாள் நேரடியாகக் கேட்டாள்.

உமையாள் பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

"எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேக்கக்கூடாது."

"யாரு சொன்னா? அந்தக் கஞ்சி வேட்டியா?" பெனாசிர் பெருமூச்சு விட்டாள். "சரி, நீ கேக்க வேண்டாம். ஞாயித்துக்கிழம எட்டு மணிக்கு அக்கரைப் படித்துறைக்கு வா. எனக்கு நீச்சல்ல ஒரு சந்தேகம் இருக்கு. நீ சொல்லிக்குடு."

அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். உமையாள் போனாள்.

வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்திருந்தது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். "மல்லாந்து கெட," என்றாள் பெனாசிர். "தெரியாத மாதிரி கெட."

"தெரியாத மாதிரி எப்படிக் கெடக்க?"

"மூழ்குத மாதிரி."

உமையாள் உடம்பைத் தளர்த்திக் கொடுத்தாள். முதுகுக்கு அடியில் பெனாசிரின் இரண்டு கைகள் வந்தன. வெதுவெதுப்பான கைகள். இது அம்மாவின் கை இல்லை என்பது மட்டும் உமையாளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இப்ப உங்கம்மா சொல்லுவாங்க, பயப்படாத, ஆறு நம்மள தின்னாது, அதுக்கு நம்ம ருசி பிடிக்காது." பெனாசிர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கேட்டதை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது போலச் சொன்னாள். "நீ குழையுவ. அப்போ சொல்லுவாங்க, முதுக நிமித்து. அந்தா பாரு, அந்த மாடியில நிக்காருல்லா, ஒங்க தாத்தா. அவர் முதுகு இருக்குல்லா, அப்படி. ஆனா மூஞ்ச மட்டும் அவர மாதிரி வச்சுக்கிடாத."

உமையாள் தண்ணீருக்குள் போய்விட்டாள். இருமிக்கொண்டே எழுந்தாள். "யாரு நின்னா?"

"ஒங்க தாத்தா. வெள்ளை வேட்டி, கையப் பின்னால கட்டிக்கிட்டு. எங்க எல்லாருக்குள்ளயும் அவர் நிக்காரு. வேன் கவுந்தப்போ அவர நெனச்சித்தான நிமிந்து கெடந்தோம்." பெனாசிர் கண்ணைத் திறந்தாள். "ஒனக்கு அதுவும் இல்லயா?"

"எல்லா ஞாயித்துக்கிழமயுமா?"

"அவர் இல்லாத ஞாயித்துக்கிழம ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல."

உமையாள் எதிர்க்கரையைப் பார்த்தாள். தென்னைகளுக்கு மேலே வீடும் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரும் தெரிந்தன. மாடியில் யாரும் இல்லை.

பாலத்தின் வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தாள். சிவஞானவேலு இளைஞராக இருந்தபோது முன்நின்று கட்டிய பாலம் அது. மகள் போன நாளிலிருந்து பதினோரு ஆண்டு அவர் அதில் காலெடுத்து வைக்கவில்லை. பேத்தியை அழைத்துவரத்தான் முதல்முறையாகக் கடந்தார்.

அவர் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். அவள் ஈரத்தோடு முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, நானும் அம்மாவும் அக்கரையில குளிச்சத நீங்க பாத்திருக்கீங்களா?"

"தலையத் துவட்டு," என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் சொன்னதை அவள் மீறியதில்லை. இப்போது மீறினாள். அசையாமல் நின்றாள். பாவாடையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஓடி, அவருடைய நாற்காலிக் கால் வரை போயிற்று. அவர் அதைப் பார்த்தார். செய்தித்தாளை நான்காக மடித்தார். பிறகு, அவள் மறுபடி கேட்காமலே, சொன்னார். ஐந்தாறு வாக்கியங்கள்தான். சொல்லி முடித்ததும் அவரே எழுந்துபோய்த் துண்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

அவர் காலமான பிறகு, கல்யாண வீடுகளில் உறவினர்கள் ஒன்று சொல்லிவருகிறார்கள். பெரியவருக்கு அந்த வருடங்களில் கண்ணில் புரை. அக்கரையில் குளித்தது யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே பாலத்தைக் கடந்து ஓடியிருப்பார் என்று. குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அது சரியல்ல. அவர் கண்ணில் கடைசி வரை ஒரு கோளாறும் இருந்ததில்லை. அன்று கூடத்தில் அவர் சொன்னது இதுதான்: வந்தது வடிவும் அவள் பிள்ளையும் என்று முதல் வாரமே அவருக்குத் தெரியும். எட்டு மணிக்கு வருவார்கள், ஒன்பதரைக்குப் போவார்கள். அவர்கள் வராத முதல் ஞாயிறு, அவர் மதியம் வரை நின்றார்.